சிங்கப்பூர் க்ரூஸ்: கடைசி நாள் காலையில் அலைச்சல் இல்லாமல் இறங்க என்ன செய்ய வேண்டும்?

வைகைக்கரை
வணக்கம். சிங்கப்பூர் மரீனா பே க்ரூஸ் சென்டரில் ஏறி, முதலில் பினாங்கு, அப்புறம் புக்கெட், ஒரு நாள் முழுக்கக் கடலில், பிறகு மறுபடியும் சிங்கப்பூர். ஐந்து இரவு. நானும் கணவரும், அத்தை (72 வயது, முழங்கால் வலி, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது), 11 வயதுப் பெண், 4 வயதுப் பையன். கப்பல் காலை 7 மணிக்கு வந்து சேரும் என்று போட்டிருக்கிறது. சென்னை விமானம் மதியம் 2.30. எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். ஏறுவதைப் பற்றி நிறையப் படித்தாயிற்று, இறங்குவதைப் பற்றித்தான் ஒன்றும் தெளிவாகக் கிடைக்கவில்லை. எத்தனை மணிக்கு இறங்கத் திட்டமிடலாம்? அத்தையை வரிசையில் நிறுத்தாமல் முடியுமா?

தளம்14
2.30 விமானம் என்றால் உங்களுக்கு நேரம் தாராளம். ஆனாலும் செல்ஃப் அசிஸ்ட் எடுத்துவிடுங்கள். பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கும் முறை அது. மற்றவர்களைப் பெட்டியில் மாட்டும் டேக்கின் எண் வாரியாகத்தான் இறங்கக் கூப்பிடுவார்கள். அதற்குக் காத்திருக்க வேண்டாம், 7.30-க்கெல்லாம் வெளியே வந்துவிடலாம்.

மெட்ராஸ் மாலுமி
தளம்14 சொல்வது தோளில் ஒரு பை, கையில் ஒரு சின்னப் பெட்டி என்று வருகிறவர்களுக்குப் பொருந்தும். இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம். செல்ஃப் அசிஸ்டில் எல்லாப் பெட்டியையும் ஒரே நடையில் நீங்களே கொண்டுபோக வேண்டும், உதவிக்கு ஆள் தரமாட்டார்கள். ஐந்து பேருக்கு நான்கு பெரிய பெட்டியாவது இருக்கும். ஒருவர் பையனைப் பிடிக்க வேண்டும், ஒருவர் அத்தையோடு இருக்க வேண்டும், மிச்சம் இரண்டு கை. அதோடு 7 மணியிலிருந்து 8.30 வரை லிஃப்ட்தான் கப்பலிலேயே பெரிய நெரிசல். பெட்டியோடு ஏறுகிறவர்களால் ஒவ்வொரு லிஃப்டும் பாதி ஆளோடேயே நிரம்பிவிடும்.

திரைக்குப் பின்னால் நடப்பது தெரிந்தால் எப்போது இறங்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். உதாரணமாக, ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல் ஒன்றில் 2,090 கேபின், இரண்டு பேர் கணக்கில் 4,180 பயணிகள். எல்லோரும் இறங்கி, கேபின்கள் சுத்தமாகி, மதியவாக்கில் அடுத்த கூட்டம் ஏற வேண்டும். காலை 8 மணிவாக்கில் கேபினைக் காலி செய்யச் சொல்வதன் காரணம் இதுதான். கேபினைக் காலி செய்வதும் கப்பலை விட்டு இறங்குவதும் வேறு வேறு. கேபினை விட்டு வந்தபின் பொது இடங்களில் உட்கார்ந்திருக்கலாம், ஒன்பது ஒன்பதரை வரை யாரும் விரட்டமாட்டார்கள். கடைசி அழைப்பு எத்தனை மணிக்கு என்பது முந்தின நாள் கேபினுக்கு வரும் தாளிலும் கப்பலின் கைபேசிச் செயலியிலும் இருக்கும். அதைத் தாண்டி உட்கார்ந்தால் ஊழியர்கள் தேடிக்கொண்டு வருவார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது கடைசியில் கூப்பிடும் டேக் எண்களில் ஒன்று. பெட்டியைக் கப்பலிடம் கொடுத்துவிடுங்கள். கைப்பையோடு மட்டும் 9 மணிக்கு மேல் இறங்குங்கள். அந்த நேரத்தில் லிஃப்ட் காலி, குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசையும் குறைந்திருக்கும்.

தளம்14
ஒப்புக்கொள்கிறேன், பெரியவர் இருப்பதால் அதுவே சரி. ஆனால் 11 மணி, 12 மணி விமானக்காரர்கள் இதைப் பார்த்து டேக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

மெட்ராஸ் மாலுமி
நியாயம். என் கணக்கு இப்படி. விமானம் 1 மணி அல்லது அதற்குப் பின் என்றால் கடைசி டேக் தாங்கும். 11-க்கும் 1-க்கும் நடுவில் என்றால் செல்ஃப் அசிஸ்ட் அல்லது முதல் சில எண்கள். 11-க்கு முன் விமானம் இருந்தால் பயணச்சீட்டை மாற்றிவிடுங்கள். கப்பல் 7 மணிக்குக் கரை தொட்டாலும் துறைமுக அனுமதி கிடைத்துத்தான் கேங்வே (கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் பாலம்) திறக்கும். மழை, மூடுபனி, அவசர மருத்துவ உதவி என்று எதற்காகவும் அரை மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போகலாம். செக்-இன் கவுன்டரை புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வைகைக்கரை
நன்றி சார். டேக் எண்ணை நாங்கள் தேர்ந்தெடுக்கலாமா, அவர்களே கொடுப்பார்களா? பெட்டியை எப்போது வெளியே வைக்க வேண்டும்? நடு இரவில் பெட்டி காணாமல் போய்விடாதே?

மெட்ராஸ் மாலுமி
சில கப்பலில் செயலியில் நேரத்தைத் தேர்ந்தெடுக்க விடுவார்கள். சிலவற்றில் டேக்கைக் கேபினுக்கே கொண்டுவந்து போடுவார்கள். எண் பிடிக்கவில்லை என்றால் கடைசி நாளுக்கு முந்தின நாளே கெஸ்ட் சர்வீஸில் (கப்பலின் உதவி மேசை) மாற்றிக்கொள்ளலாம். பிந்தின எண்ணைக் கேட்கிறவர்கள் குறைவு என்பதால் மறுப்பு வராது. ஆனால் இறங்குவதற்கு முந்தின மாலையில் அங்கே போய் நிற்காதீர்கள், அப்போதுதான் கணக்கு விவகாரத்துக்கு ஊரே வரிசையில் நிற்கும்.

பெட்டி வைக்கும் நேரம் பெரும்பாலும் இரவு 11-க்குள். வழித்தடத்திலிருந்து எடுத்து, ஊழியர் லிஃப்டில் கீழ்த்தளத்துக்கு இறக்கி, டேக் எண் வாரியாகக் கூண்டு வண்டிகளில் அடுக்குவார்கள். காலையில் அந்த வண்டிகள் முனையத்துக்குப் போய் எண் வாரியாக இறக்கப்படும். ஒரு மணிக்கு மேல் வெளியே வைத்த பெட்டியை யாரும் எடுக்க வராமல் போகலாம், அப்போது நீங்களே இழுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

பெட்டி தொலைவது அபூர்வம். இடம் மாறுவதுதான் அடிக்கடி நடக்கும். விமானத்தின் பழைய டேக்குகளைக் கிழித்துவிடுங்கள். கப்பல் டேக்கை இழுகைப்பிடியில் மாட்டாமல் பக்கவாட்டுக் கைப்பிடியில் மாட்டுங்கள், ஏனென்றால் இழுகைப்பிடி உள்ளே போகும்போது காகிதம் கிழியும். ஒரே குடும்பத்துப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கேபின் எடுத்திருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு எண் வந்திருக்கும், அதைத்தான் முக்கியமாக மாற்றிக்கொள்ள வேண்டும். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்கும் டேக் உண்டு. மூடுவதற்கு முன் எல்லாப் பெட்டியையும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புனிதா_பீஷான்
வைகைக்கரை, பெட்டி போனபிறகு உங்களிடம் என்ன மிஞ்ச வேண்டும் என்று அன்று மாலையே ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள். காலையில் உடுத்தும் துணி, உள்ளாடை, செருப்பு, எல்லோருக்கும். எல்லாத் துணியையும் பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிட்டு இரவு உடையோடு நிற்கிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. பல் துலக்கி, அத்தையின் மாத்திரை இரண்டு வேளைக்கு, பாஸ்போர்ட், விசாத் தாள், சார்ஜர், பையனுக்கு ஒரு மாற்று உடை. ஃப்ரிட்ஜில் இன்சுலின் வைத்திருந்தால் கதவிலேயே ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். உடையும் பாட்டில்கள் பெட்டியில் வேண்டாம்.

கேபினை விடும்போது பார்க்க வேண்டிய இடங்கள்: லாக்கர், கட்டிலுக்கு அடி, குளியலறைக் கதவின் பின்புறக் கொக்கி, படுக்கையருகே உள்ள மின்செருகி, பால்கனியில் காயப்போட்ட நீச்சலுடை. லாக்கரைக் காலி செய்ததும் திறந்தே விட்டுவிடுங்கள், அப்போதுதான் பார்த்தாயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று கைபேசிக் கடிகாரம். சிங்கப்பூர் நீரிணைக்குள் வரும்போது கைபேசி பாத்தாம் தீவின் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அது இந்தோனேசிய மேற்குப் பகுதி நேரம், சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். தாய்லாந்தும் அப்படியே. தானியங்கி நேரத்தில் விட்டால் 6 மணி அலாரம் சிங்கப்பூர் நேரம் 7-க்கு அடிக்கும். கடைசி இரவு நேரத்தைக் கையால் அமைத்து, விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் சேர்ந்து ரோமிங் கட்டணம் ஏறுவதும் இதனால் நிற்கும்.

வைகைக்கரை
அக்கா, கடிகார விஷயம் சத்தியமாகத் தெரியாது. மிக்க நன்றி. அத்தைக்குச் சக்கர நாற்காலி கேட்கலாமா? இறங்கும்போது மட்டும்தான் தேவை.

புனிதா_பீஷான்
தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. இரண்டு நாள் முன்பே கெஸ்ட் சர்வீஸில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குத் தனியாகக் கூடும் இடமும் நேரமும் சொல்வார்கள், உங்கள் டேக் எண் அதற்குப் பொருந்துகிறதா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளுகிறவர்கள் சிலரே, ஒருவரை விட்டுவிட்டு வந்து அடுத்தவரை அழைத்துப்போவார்கள், அதனால் சிறிது காத்திருப்பு உண்டு. ஆனால் அத்தை உட்கார்ந்தே காத்திருக்கலாம். குடிநுழைவிலும் சக்கர நாற்காலியோடு வருகிறவர்களைக் குடும்பத்தோடு தனி வழியில் அனுப்புவது வழக்கம்.

காலைச் சாப்பாட்டுக்கு பஃபே பக்கம் போகாதீர்கள். அன்று காலை அங்கே தட்டு ஒரு கையில், பை ஒரு கையில் என்று இடம் தேடி அலைவார்கள். உட்கார வைத்துப் பரிமாறும் முதன்மை உணவகம் அன்றும் திறந்திருக்கும், 8 அல்லது 8.30 வரை உள்ளே விடுவார்கள். 7.30-க்கு உட்கார்ந்தால் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்க 8.30. அறைக்கே சாப்பாடு கொண்டுவரும் சேவை கடைசிக் காலையில் பெரும்பாலும் இருக்காது.

தளம்14
சாப்பிட்டபின் உட்கார இடம்: நடு மண்டபத்தைத் தவிர எங்கு வேண்டுமானாலும். கேங்வேக்குப் போகும் வரிசை நடு மண்டபத்தைச் சுற்றித்தான் வளையும், அங்கே உட்கார்ந்தால் கூட்டத்தைப் பார்த்தே பதற்றம் வரும். குவாண்டம் வகைக் கப்பலில் 5-ஆம் தளத்தின் பின்கோடியில் உள்ள டூ70 அரங்கில் மெத்தை இருக்கைகள், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. சில நாள் அதையே குழுக்கள் கூடும் இடமாக வைத்துவிடுவார்கள், அப்படி என்றால் மேல்தளத்தில் நீச்சல்குளப் பக்கம் நிழலில் உட்காரலாம். பையன் ஓடியாடவும் இடம் இருக்கும்.

ஈப்போ மணி
கணக்கு விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. கப்பல் கணக்கு தானாகவே கார்டில் போய்விடும், காலையில் எங்கும் கையெழுத்துப் போட வேண்டாம். ஆகவே தவறு இருந்தால் முந்தின நாள் மதியமே செயலியில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வழக்கமாக வரும் தவறுகள்: மினிபாரில் எடுக்காத பானம், இரண்டு முறை பதிவான புகைப்படம், ரத்து செய்த சுற்றுலாவின் பணம் திரும்பாதது. இறங்கியபின் கேட்டால் மின்னஞ்சலில் வாரக்கணக்கில் இழுக்கும்.

இந்திய கார்டு என்றால் வங்கிச் செயலியில் சர்வதேசப் பயன்பாடு திறந்திருக்கிறதா, வரம்பு போதுமா என்று கப்பல் ஏறும் முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் கடைசி இரவில் கார்டு மறுக்கப்பட்டு, காலையில் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். ஃபாரெக்ஸ் அல்லது டெபிட் கார்டு வேண்டாம். கப்பல் அவ்வப்போது ஒரு தொகையை முடக்கி வைக்கும், கணக்கு முடிந்த பின்னும் அந்த முடக்கம் விடுபடச் சில நாள் ஆகும். ஊருக்குத் திரும்பும் செலவுக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தால் திண்டாட்டம்.

குமரன்_சாங்கி
இந்தியப் பாஸ்போர்ட் என்று எழுதியிருப்பதால் மூன்று விஷயம்.

கப்பலில் போய்த் திரும்புவதும் ஒரு புதிய நுழைவு. அதனால் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதாக இருக்க வேண்டும். ஐந்து பேரின் விசாத் தாளிலும் தனித்தனியாகப் பாருங்கள், குழந்தைகளுடையதையும்.

அடுத்தது எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூருக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவம். சென்னையிலிருந்து வரும்போது நிரப்பியது முதல் நுழைவுக்கு மட்டும். திரும்பி வரும் நாளுக்கு இன்னொன்று நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அனுப்ப முடியும், ஆகவே சென்னையிலேயே செய்து வைக்க முடியாது. புக்கெட்டில் கரை இறங்கும்போது கைபேசி இணைப்பில் முடித்துவிடுங்கள், கப்பல் இணையத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். வந்து சேரும் வழி கடல் என்று தேர்ந்தெடுத்து, கப்பலின் பெயரைப் போடுங்கள். குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கும் கடல் வழியே திரும்பும்போது இது உண்டு. அவர்களுக்கு விலக்கு தரைவழிச் சோதனைச்சாவடியில் மட்டும்தான்.

மூன்றாவது, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தமாட்டார்கள். தங்க அனுமதி மின்னஞ்சலில் வரும், அரைவல் கார்டில் கொடுத்த அதே முகவரிக்கு. எழுத்துப்பிழை இல்லாமல் கொடுங்கள்.

சில கப்பல்கள் இந்தியப் பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்ளும். திருப்பித் தரும் இடமும் நேரமும் கடைசி நாள் தாளில் இருக்கும். முந்தின மாலையே போய் வாங்கிவிடுங்கள்.

பச்சைத்தடம்
சுங்கம் பற்றி. வரியில்லாமல் மது கொண்டுவரும் சலுகைக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும், சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. உங்கள் பயணத்தில் கடைசித் துறைமுகம் புக்கெட் என்பதால் பிரச்சினை இல்லை. புக்கெட் முதலில், பினாங்கு கடைசியில் என்று வரும் பயணத்தில் கப்பல் கடையில் வாங்கிய ஒரு பாட்டிலுக்கும் வரி உண்டு. கணக்கு இதோ: மதுசாரம் லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 40 சதவீத விஸ்கி ஒரு லிட்டரில் மதுசாரம் 0.4 லிட்டர், ஆக 35.20 வெள்ளி. அதற்கு மேல் பாட்டில் விலையும் இந்த வரியும் சேர்ந்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டி. 30 வெள்ளிப் பாட்டிலுக்கு ஏறக்குறைய 41 வெள்ளி வரி கட்டுவீர்கள்.

சிகரெட்டுக்குச் சலுகையே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்புத் தடத்தில் போய்ச் சொல்ல வேண்டும். மின்சிகரெட், சூயிங்கம் தடை. புக்கெட்டில் கண்ணில் பட்டாலும் வாங்கிப் பையில் போட்டுவிடாதீர்கள். மற்றப் பொருட்களுக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்குத் தலைக்கு 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி இல்லை, குறைவாக இருந்தால் 100 வெள்ளி. வேலை அனுமதி, மாணவர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. பஃபேயிலிருந்து இறைச்சி அடைத்த ரொட்டியைக் குழந்தைக்கென்று எடுத்து வரவும் வேண்டாம், இறைச்சிக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு.

வைகைக்கரை
மது வாங்கவில்லை, ஆனால் பையனுக்குச் சூயிங்கம் பிடிக்கும், நல்ல வேளை சொன்னீர்கள். முனையத்திலிருந்து சாங்கிக்கு எப்படிப் போவது? ஐந்து பேர், நான்கு பெட்டி, ஒரு ஸ்ட்ரோலர்.

குமரன்_சாங்கி
சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான். பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் பின்னால் ஏறாது. உங்களுக்கு ஆறு இருக்கை டாக்சி அல்லது மேக்சி கேப் (வேன் போன்ற பெரிய டாக்சி) வேண்டும். மேக்சி கேப்பை முன்பதிவு செய்தால் 10.15-க்குச் சொல்லுங்கள், 9 மணிக்குச் சொல்லிவிட்டு உள்ளே நின்றபடி தவிக்க வேண்டாம். ஓட்டுநரின் காத்திருப்புக் கட்டணம் எப்போதிலிருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் விஷயம் முக்கியம். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்குச் சிங்கப்பூரில் காரில் தனி இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் விலக்கு, செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. சாதாரணக் காரை செயலியில் கூப்பிட்டால் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார், அவர் செய்வது சரிதான். உங்கள் பெண்ணின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

வார நாளில் காலை நெரிசல் நேரத்தில் மீட்டர் டாக்சிக்கு 25 சதவீதம் கூடுதல். தாமதமாக இறங்கினால் அதுவும் மிச்சம், டாக்சி வரிசையும் வடிந்திருக்கும். சாங்கிக்குச் சாலையில் 25 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ மணி
பெட்டி குறைவாக உள்ளவர்களுக்கு: மரீனா சவுத் பியர் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம் நடக்கும் தொலைவு, பத்து நிமிடம். இரவு விமானம்தான் என்றால் வடக்கு-தெற்குத் தடத்தில் தோபி காட் போய், வடகிழக்குத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் பெரிய பெட்டியோடு 9.30-க்கு முன் ரயிலில் ஏறாதீர்கள், அலுவலகக் கூட்டம்.

வைகைக்கரை
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஒன்றே ஒன்று பாக்கி. கப்பல் அட்டையைக் கேபினில் விட்டுவிட்டு வரலாமா, கடைசி வரை தேவையா? கேபினைப் பார்த்துக்கொண்டவருக்கு அன்பளிப்பு எப்போது கொடுப்பது?

மெட்ராஸ் மாலுமி
அட்டை கேங்வேயில் கடைசியாக ஒருமுறை ஸ்கேன் ஆக வேண்டும், குழந்தைகளுடையதும். ஸ்கேன் ஆகாதவர் இன்னும் கப்பலில் இருப்பதாகத்தான் கணினி காட்டும். கரையில் நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஐந்து அட்டையையும் ஒருவரே கையில் வைத்திருந்து, ஒவ்வொருவராக முன்னால் அனுப்பி ஸ்கேன் செய்யுங்கள். குடிநுழைவு தாண்டும் வரை தூக்கிப்போட வேண்டாம்.

அன்பளிப்பு முந்தின மாலை, படுக்கை விரிக்க வரும்போது கையில் கொடுங்கள். காலையில் அவர் வழித்தடத்தில் துணி மூட்டைகளோடு ஓடிக்கொண்டிருப்பார், தேடினாலும் கிடைக்கமாட்டார்.

புனிதா_பீஷான்
பெட்டி எடுக்கும் கூடத்தில் முதலில் அத்தையை உட்கார வைக்க ஓர் இருக்கை பார்த்துவிட்டு, கணவரை மட்டும் உங்கள் எண் பலகைக்கு அனுப்புங்கள். எல்லோரும் போக வேண்டாம். எண்ணுக்குக் கீழே பெட்டி இல்லையென்றால் பக்கத்து எண்களிலும், டேக் கிழிந்த பெட்டிகளை ஒதுக்கி வைத்திருக்கும் ஓரத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் இல்லையென்றால் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கப்பல் ஊழியரிடம் புகைப்படத்தைக் காட்டிப் புகார் எழுதுங்கள். சுங்கத்தைத் தாண்டி வந்தபின் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.